ஓர் எழுத்து பிறந்த கதை

1926-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் செசில் பி. டிமில் என்ற இயக்குநர் கிறிஸ்துவின் வாழ்க்கையைப் படமாக்க இறங்கினார். 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' என்று படத்துக்குப் பெயர். திரை இன்னும் பேசத் தொடங்காத காலம். மாதா கோயில் சுரூபங்களில் மட்டுமே இயேசுவைப் பார்த்துப் பழகிய மக்கள், அவரை நடிகனின் உருவத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்ற கவலை டிமில்லைத் தூங்கவிடவில்லை. இயேசுவாக நடித்த எச். பி. வார்னரைப் படப்பிடிப்பில் தனியாகவே வைத்திருந்தார். அந்த வேடத்துக்குக் களங்கம் சேர்க்கும் பாத்திரம் எதிலும் பல ஆண்டுகளுக்கு நடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார். அதுவும் போதாது என்று தோன்ற, ஆலோசனை சொல்லக் குருமார்களை வரவழைத்தார். செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஒருவர்தான் பின்னால் ஹாலிவுட்டையே ஆட்டிவைக்கப் போகிறவர் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அவர் பெயர் டேனியல் லார்ட். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாடகம் கற்றுக்கொடுத்தவர், பாட்டு எழுதுவார், இளைஞர்களுக்கான ஒரு கத்தோலிக்கப் பத்திரிகைக்கு ஆசிரியர். சினிமாவைப் பிசாசின் கருவி என்று ஒதுக்கிய மதபோதகர்கள் மலிந்திருந்த நாளில், லார்ட் அதை உண்மையாகவே நேசித்தார். டிமில்லுக்கும் அவருக்கும் நல்ல சிநேகிதம் உண்டானது. 1927 மே மாதம் ஹாலிவுட்டில் கிராமன்ஸ் சைனீஸ் அரங்கம் திறக்கப்பட்டபோது அங்கே முதலில் ஓடியது இந்தப் படம்தான். படத்தில் யூதர்கள் காட்டப்பட்ட விதம் யூத அமைப்புகளைக் காயப்படுத்தியது. அவர்களின் எதிர்ப்புக்கு நியாயமும் இருந்தது. ஆனால் கிறிஸ்தவ உலகம் படத்தைக் கொண்டாடியது. பக்தியும் சினிமாவும் கைகோத்துப் போகலாம் என்று லார்ட் நம்பத் தொடங்கினார். அந்த நம்பிக்கையை உடைக்கப் போகிறவரும் அதே டிமில்தான்.

அதற்கு முன் அமெரிக்க சினிமா நின்றிருந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும். 1915-இல் ஓஹாயோ மாநிலத் தணிக்கை வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சினிமா வெறும் வியாபாரம், பத்திரிகைக்கு உள்ள கருத்துரிமை அதற்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மாநிலமும் நகராட்சியும் ஆளுக்கொரு கத்திரிக்கோல் வைத்திருந்தன. 1920-களின் தொடக்கத்தில் நட்சத்திரங்களின் சொந்த வாழ்க்கை ஊழல்களும் சந்தி சிரித்தன. தயாரிப்பாளர்கள் பயந்துபோய் ஒரு சங்கம் அமைத்து, அமெரிக்க அரசில் தபால் துறைக்குத் தலைவராக இருந்த வில் ஹேஸ் என்பவரைக் கொண்டுவந்து தலைவராக உட்கார வைத்தார்கள். ஹேஸ் பிரெஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர். மரியாதையான மனிதர். தயாரிப்பாளர்களை அடக்கும் அதிகாரம் மட்டும் அவர் கையில் இல்லை.

1929-இல் சிகாகோவில் மார்ட்டின் க்விக்லி என்பவருக்கு ஒரு யோசனை உதித்தது. சினிமா வியாபாரிகளுக்கான பத்திரிகை நடத்தியவர், உறுதியான கத்தோலிக்கர். எடுத்து முடித்த படத்தை வெட்டுவதால்தானே தகராறு? எடுப்பதற்கு முன்பே நெறி ஒன்றை எழுதி, அதற்குள் நின்று எடுக்கச் சொன்னால் என்ன? எழுதத் தகுந்த ஆள் யார் என்று தேடியபோது லார்ட் நினைவுக்கு வந்தார். நாடகமும் தெரியும், நன்னெறி இயலும் தெரியும், ஸ்டுடியோவின் உள்ளும் புறமும் தெரியும். லார்ட் உட்கார்ந்து எழுதினார். குற்றவாளி மீது பார்வையாளருக்கு அனுதாபம் பிறக்கக் கூடாது, திருமணத்தின் புனிதம் குலையக் கூடாது, எந்த மத நம்பிக்கையையும் கேலி செய்யக் கூடாது, குருமார்களைக் கோமாளியாகவோ வில்லனாகவோ காட்டக் கூடாது என்று நீண்டது அந்த நெறி. 1930 மார்ச் 31 அன்று தயாரிப்பாளர் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு கத்தோலிக்கக் குரு எழுதியது என்பதை வெளியே பெரிதாகச் சொல்லவில்லை. ஹேஸ் நெறி என்றே உலகம் அதை அழைத்தது. கையெழுத்துப் போட்டவர்கள் அதன்படி நடக்கப் போகிறார்களா என்பதுதான் கேள்வியாக நின்றது.

நடக்கவில்லை. நெறியில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு படத்தைப் பற்றித் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள் மற்ற ஸ்டுடியோக்களின் தயாரிப்பாளர்களேதான். இன்று உன் படத்தை நான் விட்டுவிடுகிறேன், நாளை என் படத்தை நீ விட்டுவிடு என்று வேலை நடந்தது. அதற்குள் பொருளாதாரப் பெருமந்தமும் வந்து சேர்ந்தது. டிக்கெட்டுக்குக் காசில்லாமல் மக்கள் கொட்டகைக்கு வருவதைக் குறைத்துக்கொள்ள, இழுத்துப்பிடிக்கக் கவர்ச்சியும் துப்பாக்கியும் கூடின. டிமில்லின் நிலைமையும் சரியில்லை. சொந்த ஸ்டுடியோ கைவிட்டுப் போயிருந்தது, அடுத்தடுத்து எடுத்தவை எடுபடவில்லை. பழைய தாய்வீடான பாராமவுண்டுக்குக் குறைந்த செலவில் ஒரு படம் எடுத்துத் தருவதாகத் திரும்பி வந்தார். அது ஓடினால்தான் பிழைப்பு. எடுத்துக்கொண்ட கதையோ நீரோ மன்னன் காலத்துக் கிறிஸ்தவ வேதசாட்சிகளின் கதை.

1932 கடைசியில் வெளியான 'தி சைன் ஆஃப் தி கிராஸ்' ஒரு விசித்திரமான படம். கதையின் எலும்பு முழுக்க விசுவாசம்: சிங்கத்தின் வாய்க்குப் போகும்போதும் நம்பிக்கையை மறுதலிக்காத எளிய மனிதர்கள். அந்த எலும்பின் மேல் போர்த்திய சதைதான் சிக்கல். நீரோவின் மனைவியாக வந்த கிளாடெட் கோல்பர்ட் பால் நிறைந்த குளத்தில் குளித்தார். ஒரு விருந்தில் மெர்சியா என்ற கிறிஸ்தவப் பெண்ணின் உறுதியைக் குலைக்க ஒரு நடனக்காரி அவளைச் சுற்றிச்சுற்றி ஆடினாள். வெளியே சிறைக்குக் கொண்டு போகப்படும் விசுவாசிகளின் பாடல் அந்த ஆட்டத்தில் குறுக்கிட்டது. அரங்கக் காட்சியில் முதலைக்கும் யானைக்கும் இரையாக மனிதர்களைப் போட்டார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்தார்கள். டிமில் பிழைத்துக்கொண்டார்.

லார்டுக்குத் தலையில் இடி விழுந்தது. தன் நண்பர், தன்னோடு உட்கார்ந்து இயேசுவின் படத்தைச் செதுக்கியவர், வேதசாட்சிகளின் இரத்தத்தைக் காமத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக்கிவிட்டாரே என்று அவர் கொதித்தார். அந்த நடனத்தை வெட்டச் சொல்லி நெருக்குதல் வந்தபோது ஹேஸ் தொலைபேசியில் டிமில்லை அழைத்தார். டிமில் முடியாது என்று சொல்லிவிட்டார். ஹேஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லார்டின் கோபத்தை வெறும் கூச்சம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு உடன்பட முடியாது. ஆபாசத்தை ஆபாசமாகவே விற்றிருந்தால் அவர் இவ்வளவு நொந்திருக்க மாட்டார். சிலுவையைக் காட்டி விற்றதுதான் சுட்டது. அந்தச் சூடு ஒரு குருவின் அறையோடு அணையாமல் நாடெங்கும் பரவக் காத்திருந்தது.

1933 அக்டோபரில் நியூயார்க்கில் கத்தோலிக்க அறப்பணி மாநாடு கூடியது. அமெரிக்காவுக்குத் திருத்தந்தையின் தூதராகப் புதிதாக வந்திருந்த பேராயர் சிக்கொஞ்ஞானி அதில் பேசும்போது, சினிமாவைத் தூய்மைப்படுத்தக் கத்தோலிக்கர் ஒன்றுபட்டு எழ வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். அந்த வரிகளுக்குப் பின்னால் க்விக்லியின் கை இருந்தது என்று இந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுத்த மாதமே ஆயர்கள் ஒரு குழு அமைத்தார்கள். 1934-இல் 'லீஜன் ஆஃப் டீசென்சி' பிறந்தது. மரியாயின் சேனையை அறிந்தவர்கள் இதைக் கண்ணியச் சேனை என்று புரிந்துகொள்ளலாம். திருப்பலி முடிவில் மக்கள் எழுந்து நின்று, கேடான படங்களுக்குப் போக மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். புராட்டஸ்டண்ட் சபைகளும் யூத ரபிகள் பலரும் ஆதரவுக் குரல் கொடுத்தார்கள். ஆனால் ஹாலிவுட்டின் அடிவயிற்றைக் கலக்கியது ஒரே ஒரு நகரம்.

பிலடெல்பியாவின் கர்தினால் டஹர்ட்டி நல்ல படம், கெட்ட படம் என்ற பாகுபாடே பார்க்கவில்லை. 1934 மே மாதம், தம் மறைமாவட்டக் கத்தோலிக்கர் எந்தப் படத்துக்கும் எந்தக் கொட்டகைக்கும் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த நகரத்தில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஏராளமான அரங்குகள் இருந்தன. வசூல் சரிந்தது. மாநாட்டுத் தீர்மானங்களைக் கண்டு அசையாத முதலாளிகள் காலி நாற்காலிகளைக் கண்டு அசைந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் தயாரிப்பாளர் சங்கம் புதிய அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அதன் சான்று முத்திரை இல்லாமல் எந்த உறுப்பினரும் படம் வெளியிட முடியாது, மீறினால் 25,000 டாலர் அபராதம். தலைவர் நாற்காலியில் ஜோசப் பிரீன் உட்கார்ந்தார். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஐரிஷ் கத்தோலிக்கர், இயேசு சபைக் கல்லூரியில் படித்தவர். ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி வேர்ல்டு மூவ்ஸ் ஆன்' படத்துக்கு முதலாம் எண் முத்திரை கிடைத்தது. லார்டின் நெறிக்கு நான்கு ஆண்டுகள் கழித்துப் பல் முளைத்துவிட்டது. சேனையின் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை, ஏனென்றால் உறுதிமொழி எடுத்த மக்கள் ஒரு நேர்மையான கேள்வி கேட்டார்கள்: கேடான படம் எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆளுக்கொரு பட்டியல் கிளம்பியது. சிகாகோவில் ஒன்று, டெட்ராய்ட்டில் வேறொன்று. ஓர் ஊரில் பாவமாக இருந்த படம் பக்கத்து ஊரில் புண்ணியமாக இருந்தது. குழப்பத்தைத் தீர்க்க 1936-இல் நியூயார்க்கில் ஒரே தேசிய அலுவலகம் வந்தது. படங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை கத்தோலிக்கக் கல்லூரிகளில் படித்த பெண்களின் கூட்டமைப்பிடம் போயிற்று. திருமதி மேரி லூரம் அதற்குத் தலைமை தாங்கினார். 1920-கள் முதலே இந்தப் பெண்கள் படம் பார்த்து வந்தவர்கள். அப்போது அவர்களின் வழக்கம் நல்ல படங்களைப் பாராட்டிச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசாமல் விட்டுவிடுவது. சினிமா வரலாற்று நூல்களில் கர்தினால்களுக்கும் முதலாளிகளுக்கும் கிடைக்கும் இடம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்திருக்க வேண்டும். கொட்டகைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு எது தெரிந்தால் போதும் என்று யோசித்துப் பழகியவர்கள் இவர்கள்தான். அவர்கள் கையில் அந்த அலுவலகம் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எழுத்தை ஒட்டத் தொடங்கியது.

எல்லோரும் பார்க்கலாம் என்றால் ஏ-1. பெரியவர்களுக்கு மட்டும் என்றால் ஏ-2. சில இடங்கள் உறுத்தினால் பி. முற்றிலும் விலக்கப்பட்டது என்றால் சி. பட்டியலைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் அச்சிட்டன, பல பங்குகளில் கோயில் வாசலில் ஒட்டினார்கள். அதே ஆண்டு திருத்தந்தை பதினோராம் பயஸ் ஒரு சுற்றுமடலில் அமெரிக்க ஆயர்களின் இந்த முயற்சியைப் பாராட்டினார். கண்டிப்பு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சான்று: கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிய குழந்தைகளின் செல்லப் படமான 'மிராக்கிள் ஆன் தேர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்' பி வாங்கியது. கதையில் வரும் தாய் விவாகரத்தானவள். இமயமலைச் சாரலில் கன்னியர் மடம் ஒன்றில் நடக்கும் 'பிளாக் நார்சிஸஸ்' என்ற ஆங்கிலேயப் படத்துக்கு சி கிடைத்தது. கன்னியாஸ்திரீ ஒருவர் தம் பழைய காதலை நினைத்துப் பார்க்கும் காட்சிகளை வெட்டிய பிறகே அமெரிக்காவில் அது தடையின்றி ஓடியது. ஒரு சி பல லட்சம் டிக்கெட்டைச் சாப்பிட்டுவிடும் என்பதால் ஸ்டுடியோக்கள் எழுத்துக்கு நடுங்கின. இந்த நடுக்கம் இன்னும் அரை நூற்றாண்டு நீடிக்கும் என்று நினைத்தவர்கள் இத்தாலியிலிருந்து வந்த ஒரு குட்டிப் படத்தை எதிர்பார்க்கவில்லை.

ரொபெர்த்தோ ரோசெல்லினி 1948-இல் எடுத்த 'இல் மிராக்கொலோ' ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஆடு மேய்க்கும் ஓர் ஏழைப் பெண், புத்தி கொஞ்சம் மட்டு. மலைப்பாதையில் வரும் தாடிக்காரன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பிவிடுகிறாள். அவன் மது கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். பிறகு அவள் கருவுற்றிருப்பது தெரிகிறது. இது கடவுளின் அற்புதம் என்று அவள் சொல்ல, ஊர் சேர்ந்து அவளை எள்ளி நகையாடித் துரத்துகிறது. மலை மேலிருக்கும் கோயிலுக்குத் தனியாக ஏறிப்போய்ப் பிள்ளை பெறுகிறாள். அன்னா மஞ்ஞானி அந்தப் பெண்ணாகவே வாழ்ந்திருந்தார். வசனமே பேசாத அந்தத் தாடிக்காரனாக வந்தவர் கதையை எழுதிய ஓர் இளைஞர், பெயர் ஃபெதெரிக்கோ ஃபெல்லினி. இந்தப் பெயர் கதையில் மறுபடி வரும்.

ஜோசப் பர்ஸ்டின் என்ற விநியோகஸ்தர், போலந்திலிருந்து குடியேறிய யூதர், வேறு இரண்டு பிரெஞ்சுக் குறும்படங்களோடு இதைச் சேர்த்து 1950 டிசம்பரில் நியூயார்க்கின் பாரிஸ் தியேட்டரில் திரையிட்டார். மாநிலத் தணிக்கை ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தது. காலம் மட்டும் பொல்லாததாக இருந்தது. 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரீஸ்' படத்தில் கன்னியாஸ்திரீயாகவும், பிறகு புனித ஜோனாகவும் நடித்து அமெரிக்கக் கத்தோலிக்கர் மனதில் இடம்பிடித்த இங்கிரிட் பெர்க்மன், கணவரை விட்டு இதே ரோசெல்லினியிடம் போயிருந்தார். அந்தக் காயம் ஆறவில்லை. கன்னி மரியாளின் கருத்தரிப்பையே கேலி செய்கிறான் என்று கோபம் மூண்டது. நகர உரிம ஆணையர் தியேட்டரை மிரட்டிப் படத்தை நிறுத்தினார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது, படம் மறுபடி ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 1951 ஜனவரி 7, நியூயார்க் உயர்மறைமாவட்டத்தின் கோயில்களில் படத்தைக் கண்டிக்கும் கர்தினால் ஸ்பெல்மனின் கடிதம் வாசிக்கப்பட்டது.

அதைத் தொடர்ந்து தியேட்டர் வாசலில் மறியல். கத்தோலிக்க முன்னாள் போர்வீரர்கள் அட்டைகளை ஏந்தி நடந்தார்கள். குண்டு வைத்திருப்பதாகத் தகவல் வந்து அரங்கைக் காலி செய்தார்கள். நியூயார்க் திரைவிமர்சகர்கள் அந்த மூன்று படத் தொகுப்பைச் சிறந்த அயல்மொழிப் படமாகத் தேர்ந்தெடுத்தபோது, விருது விழாவையே ரேடியோ சிட்டி மண்டபத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது. பிப்ரவரியில் மாநிலக் கல்வி ஆட்சிக்குழு, படம் தெய்வநிந்தனை என்று அறிவித்து உரிமத்தைப் பறித்தது. ஆனால் கத்தோலிக்கர் அத்தனை பேரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. கவிஞர் ஆலன் டேட், கலை ஆர்வலர் ஆட்டோ ஸ்பேத் போன்றவர்கள் வெளிப்படையாக மாறுபட்டார்கள். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய வில்லியம் கிளான்சி, 'காமன்வீல்' இதழில் தம் சபையாரின் ஆவேசத்தையே கேள்வி கேட்டு எழுதினார். ஊரால் துரத்தப்பட்ட ஓர் ஏழையின் விசுவாசத்தைப் படத்தில் கண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஞாயிறு தோறும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகிறவர்களோடு பகிரங்கமாக மாறுபடுவது எளிதல்ல. அந்தத் துணிவு பெரிது. பர்ஸ்டினுக்கு அந்த ஆதரவு ஆறுதலாக இருந்திருக்கும், வழக்குச் செலவுக்கு உதவாது. மாநில நீதிமன்றங்களில் அவர் தோற்றார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கதவு.

1952 மே 26. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி டாம் கிளார்க் எழுதினார். சினிமாவும் கருத்தைச் சொல்லும் கருவியே, அதற்கும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மதத்தைப் புண்படுத்தும் கருத்திலிருந்து மதங்களைக் காப்பது அரசின் வேலை அல்ல. 37 ஆண்டுகளாக நின்ற 1915-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சாய்ந்தது. ஒரு படத்தை ஒழிக்க எழுந்த கூட்டம், எல்லாப் படங்களுக்கும் உரிமை வாங்கிக் கொடுத்துவிட்டது. அதைத் தேடித் தந்த பர்ஸ்டின் நீண்ட நாள் அனுபவிக்கவில்லை. அடுத்த ஆண்டே அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது இதயம் நின்று இறந்தார். அவர் திறந்துவிட்ட மடை வழியே வெள்ளம் வரத் தொடங்கியது.

1953-இல் ஓட்டோ பிரமிஞ்சர் 'தி மூன் இஸ் ப்ளூ' படத்தை பிரீனின் முத்திரை இல்லாமலே வெளியிட்டார். சேனை சி கொடுத்தது. படம் ஓடியது. 1956-இல் 'பேபி டால்' படத்தைக் கண்டிக்க ஸ்பெல்மன் புனித பேட்ரிக் பேராலயத்தின் மறையுரை மேடையிலேயே ஏறினார். அதே நகரத்தின் ஆங்கிலிக்கப் பேராலயத்தில் முதல்வராக இருந்த ஜேம்ஸ் பைக் அவரை மறுத்துப் பேசினார். சேனைக்குள்ளேயே யோசனை தொடங்கிவிட்டது. 1957-இல் எழுத்துகளை மாற்றி அமைத்தார்கள். பதின்வயதினருக்கு ஒன்று, முழு வளர்ச்சி அடைந்தவர்களுக்கு ஒன்று என்று ஏ வரிசை விரிந்தது. படம் பார்ப்பவர்களில் ஆண்களையும், கலை தெரிந்த பொதுநிலையினரையும் சேர்த்தார்கள். அவர்கள் முன்னால் 1961-இல் வந்து நின்றது 'லா டோல்ச்சே வீட்டா'. இயக்கியவர் அந்தப் பழைய தாடிக்காரன், ஃபெல்லினி.

ஹெலிகாப்டரில் தொங்கியபடி ரோமாபுரிக்கு மேலே பறக்கும் கிறிஸ்துவின் சிலையோடு தொடங்கும் படம் அது. முந்தைய ஆண்டே வத்திக்கானின் பத்திரிகை அதைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பென்றால் அமெரிக்கச் சேனை கண்ணை மூடிக்கொண்டு சி போட்டிருக்கும். இம்முறை பார்த்தவர்கள் பிளவுபட்டார்கள். நவீன வாழ்வின் வெறுமையை இது கண்டிக்கிறதல்லவா என்று பலர் வாதாடினார்கள். முடிவில் விலக்கவில்லை. 'தனி வகை' என்ற அடுக்கில் வைத்து, பக்குவப்பட்டவர்கள் விளக்கத்தோடு பார்க்கலாம் என்று விட்டார்கள். 'யாரும் பார்க்கக் கூடாது' என்ற இடத்திலிருந்து 'யார் பார்க்கலாம்' என்ற இடத்துக்குச் சேனை வந்து சேர்ந்திருந்தது. என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியத் திருப்பம் இதுதான். ஹாலிவுட் மட்டும் இன்னும் லார்டின் பழைய நெறியைக் கட்டிக்கொண்டு திணறியது.

1966-இல் சங்கத்தின் தலைவராக ஜாக் வாலன்டி வந்தார். அதிபர் லிண்டன் ஜான்சனின் உதவியாளராக வெள்ளை மாளிகையில் இருந்தவர். வந்து உட்கார்ந்த சில வாரங்களில் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்' அவர் மேசைக்கு வந்தது. அதுவரை திரையில் கேட்டிராத வசவுகள். பழைய நெறிப்படி முத்திரை கிடையாது. அப்போது யாரும் எதிர்பாராதது நடந்தது: சேனை என்ற பெயரை மாற்றிக்கொண்டிருந்த கத்தோலிக்கத் திரைப்பட அலுவலகம் படத்தை விலக்கவில்லை, பெரியவர்களுக்கு என்று எச்சரிக்கையோடு வகைப்படுத்தியது. வார்னர் நிறுவனம், 18 வயதுக்குக் கீழிருப்பவர் பெற்றோரோடுதான் வரலாம் என்று தானே நிபந்தனை போட்டது. முத்திரை விதிவிலக்காகக் கொடுக்கப்பட்டது. சபையின் எழுத்து செல்லுபடியாகிறது, சங்கத்தின் நெறி செல்லாக்காசாகிவிட்டது என்பதை வாலன்டி கண்ணெதிரே பார்த்தார். 1968 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பெரியவர்களுக்குத் தடுக்க முடியாததைச் சிறுவர்களுக்குத் தடுக்கலாம் என்று சொன்னது. இனி தாமதித்தால் ஊருக்கு ஊர் அரசே வகைப்படுத்தக் கிளம்பிவிடும். வாலன்டி தியேட்டர் உரிமையாளர்களையும் சபைகளின் பிரதிநிதிகளையும் கூப்பிட்டுப் பேசினார்.

1968 நவம்பர் 1 அன்று லார்டின் நெறி மறைந்து, அந்த இடத்தில் நான்கு எழுத்துகள் வந்தன: ஜி, எம், ஆர், எக்ஸ். எம் என்பது சிறிது காலத்தில் பிஜி ஆயிற்று. 1984-இல், 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துபோன பிறகு, ஸ்பீல்பெர்க் சொன்ன யோசனைப்படி பிஜி-13 சேர்ந்தது. ஹாலிவுட் படத்தின் சுவரொட்டி மூலையிலும் முன்னோட்டத்தின் முதல் பலகையிலும் கண் படாமலே கடந்துபோகும் அந்தக் குட்டி எழுத்து இப்படித்தான் பிறந்தது. கோயில் வாசலில் ஒட்டிய ஏ, பி, சி பட்டியல் அதற்கு மூத்த உறவு. கத்தோலிக்க அலுவலகமும் புராட்டஸ்டண்ட் சபைகளின் கூட்டமைப்பும் தொடக்கத்தில் இந்த முறையை ஆதரித்தன. ஏமாற்றம் தருகிறது என்று 1971-இல் ஆதரவை விலக்கிக்கொண்டன. ஆனால் உறவு அறவே அறுந்துவிடவில்லை. எழுத்தை எதிர்த்து மேல்முறையீடு நடக்கும் கூட்டங்களில் இரு தரப்புச் சபைகளின் பிரதிநிதிகள் உட்காரும் வழக்கம் தொடர்ந்தது என்பது 2006-இல் ஓர் ஆவணப்படத்தின் மூலம் பரவலாகத் தெரியவந்தது.

எழுத்து வந்ததால் கோபம் தீர்ந்துவிடவில்லை. 1988-இல் மார்ட்டின் ஸ்கார்செசி எடுத்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' ஆர் வாங்கி வெளியானபோது, யுனிவர்சல் ஸ்டுடியோ வாசலில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கேம்பஸ் குருசேடு அமைப்பின் பில் பிரைட், படச்சுருள்களை வாங்கி அழித்துவிடச் செலவுத் தொகையைத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். யுனிவர்சல் மறுத்தது. பாரிஸ் நகரில் செயின்ட் மிஷேல் திரையரங்குக்கு அடிப்படைவாதிகள் தீ வைத்தார்கள், படம் பார்க்க வந்தவர்கள் காயப்பட்டார்கள். எந்த விசுவாசத்தின் பெயராலும் அதை நியாயப்படுத்த முடியாது.

பதினாறு ஆண்டு கழித்து மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' வந்தது. அதுவும் ஆர், இம்முறை இரத்தத்துக்காக. பிள்ளைகளை ஆர் படத்துக்கு விடாத சபைகளே டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கின. போதகர்கள் பேருந்து வைத்து மக்களை அழைத்துப் போனார்கள். அமெரிக்காவில் மட்டும் 37 கோடி டாலரைத் தாண்டியது வசூல். சாட்டையடிக் காட்சிகள் தாங்க முடியவில்லை என்று பெரியவர்கள் பலர் சொன்னதைக் கேட்டு, கிப்சன் சில நிமிடங்களை வெட்டிப் புதிய பிரதி தயாரித்தார். இன்னும் அதிகம் பேர் பார்க்கட்டும் என்று பிஜி-13 கேட்டார். தரம் பிரிக்கும் குழு பார்த்துவிட்டு ஆர்தான் என்றது. அவர் அந்த எழுத்தை வாங்க மறுத்துவிட்டார். 2005 மார்ச்சில், ஈஸ்டருக்கு முன், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அந்தப் பிரதி எந்த எழுத்தும் இல்லாமல் வெளியாயிற்று.